சாட்ஸ்வொர்த், சாட்ஸ்வொர்த்

மருத்துவர் திரையில் காட்டினார்:
இளஞ்சிவப்பாய் இரண்டு மடிப்பு,
விளிம்பில் ஆளுக்கொரு பரு.
நாற்பத்தோரு வருடம் எனக்குச் சோறு போட்டது
இந்த ஈரத் துணுக்கா?
நெத்திலி இதைவிட நீளம்.

வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் பேசக்கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல்.
(மாணவர்களிடம் நான் ஆயிரம் தடவை சொன்னது.
வெள்ளைக் கோட்டுப் பையன் ஒருவன்
எனக்கே திருப்பிச் சொன்னான்.)

வாய் சும்மா இருந்தால்
கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

முதல் மேடை கிளேர்வுட் கோயில்.
காவடி இறக்கும் வேளை.
தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு
ஒரு சொல்லும் விளங்காமல் பாடினேன்,
கேட்டவர்கள் அழுதார்கள்.
பிறகு வெஸ்ட்வில் குன்றில்
இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பல்கலைக்கழகம்,
அங்கே இத்தாலியம்.
அதுவும் விளங்கவில்லை.
இந்தத் தடவை அழுதது நான்,
ஒரு 'ர'வுக்காக ஆறு மாதம்.

எண்பத்தொன்றில் நகரத்து ஓபராவுக்குக் குரல் தேர்வு.
பெயர் வேண்டாம், முகம் வேண்டாம்,
திரைக்குப் பின்னால் நின்று பாடுங்கள் என்றார்கள்.
இரண்டாம் வரியிலேயே யாரோ "ஆஹா" என்றார்.
திரை விலகியது.
முகவரியை எழுதிவிட்டுப் போங்கள், மிஸ் பாதர்.
அந்நாளில் முகவரியும் ஒரு தோல்தான்.

ஆனாலும் கூப்பிட்டார்கள், ஒரே ஒரு இரவு.
நாயகிக்குத் தொண்டைக்கட்டு.
அவள் விளக்கொளியில் நின்று வாயசைத்தாள்.
நான் பக்கத்து இருட்டில்,
கயிறுகளுக்கும் மணல்மூட்டைகளுக்கும் நடுவே.
கைதட்டல் நெடுநேரம்.
அதில் என் பங்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை.
நாற்பது ரேண்ட் கொடுத்தார்கள், உறையில்.

அப்புறம் கராஜ்.
பிப்ரவரிப் புழுக்கத்தில் பியானோ ஊதிப்போகும்,
மூன்று கட்டைகள் அழுத்தினால் எழும்பாது.
அந்த மூன்றைத் தவிர்த்தே சொல்லிக்கொடுத்தேன்.
வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி பெர்லின் போனாள்,
கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும்.
கல்யாண அறிவிப்பாளர், தேவாலயக் குழுவினர் நால்வர்,
குளிக்கும்போது மட்டும் பாடுகிற பல் டாக்டர்.

ஒருநாள் ம்தோகோசிசி வந்தான்.
வார்விக்கில் டாக்ஸிக்கு ஆள் கூவுகிறவன்.
துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு வணக்கம்.
"பாட வேண்டாம் மிஸ், கத்தணும்.
நாள் பூரா கத்தியும்
ராத்திரி மகளோடு பேச
கொஞ்சம் மிச்சம் இருக்கணும்."

எத்தனையோ பேர் என்னிடம் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள்.
இவ்வளவு சரியாக ஒருவரும் கேட்டதில்லை.
சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தேன்,
வயிற்றின்மேல் பழைய டெலிபோன் புத்தகம்.
அதைத் தூக்கு. தோளைத் தூக்காதே.
எட்டு மாதம் தூக்கினான்.
கட்டணம் மாதம் ஒரு பை மடும்பிக் கிழங்கு.

இன்று ஏழாம் நாள்.
ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு
வார்விக் நிறுத்தத்தில் நின்றேன்.
"எங்கே போகணும்?" யாரோ புது ஆள்.
கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். உதட்டை அசைத்தேன்.
அவன் சலித்துக்கொண்டு
அடுத்த ஆளிடம் திரும்பினான்.

மூன்று வரிசை தள்ளி ம்தோகோசிசி.
என் உதட்டைப் பார்த்தான்.
விலா விரிந்தது, சட்டைப் பொத்தான் இழுபட்டது,
தோள் அசையவில்லை.
"சாட்ஸ்வொர்த்! சாட்ஸ்வொர்த்! யூனிட் த்ரீ!"
சோளம் வேகும் டிரம்களைத் தாண்டி,
ஹாரன்களைத் தாண்டி,
மேம்பாலத்தின் அடிவயிற்றில் பட்டுத் திரும்பியது.
ஒரு கீறல் இல்லை.

இந்தத் தடவை வாயசைத்தது நான்.

கடைசி இருக்கை கிடைத்தது.
என் காசு கைமாறிக் கைமாறி முன்னே போனது.
மீதி கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது,
இரண்டு ரேண்ட் குறைவாக.
கேட்க வாயைத் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
இன்னும் மூன்று நாள்.